பேச்சுத் துணைக்கு ஓர் ஓட்டம்

அத்தியாயம் பதினாறு

சலவைக் கடையின் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு எழும்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடையில் சில வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாமல் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன்காரர் ஒரு பக்கம், தம்பிக்காரர் மறுபக்கம். புது இயந்திரம் வாங்குவதா, பழையதையே ஓட்டுவதா என்று ஆரம்பித்த பேச்சு, 'நீ யாருடா என்னைக் கேக்க' என்பதில் வந்து முடிந்தது. அதோடு சரி. ஒரே கட்டடத்துக்கு இரண்டு போர்டு, இரண்டு கல்லாப்பெட்டி. கோட்டு கொடுத்தவர் எந்தப் பக்கம் கொடுத்தோம் என்று மறந்துபோய் வாசலில் நின்று தலையைச் சொறிவார்.

ஆண்கள் சண்டை போட்டால் போடட்டும். அவர்கள் பெண்டாட்டிகளும் முகம் பார்க்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? யாரும் போடவில்லை. ஆனால் போட்ட மாதிரிதான். பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று துணி மடித்தவர்கள். தடுப்பு வந்த அன்று அந்த மேஜையையும் அறுத்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு நாள் விடிகாலையில் பால் வாங்கப் போன பெரியவள், எதிரே சின்னவள் ஓடி வருவதைப் பார்த்தாள். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டினாராம். நின்று பேசினால் யாராவது பார்த்துப் பற்றவைத்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே சின்னவள் நிற்காமல் போனாள். பெரியவள் என்ன செய்வாள்? பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலோடு கூடவே ஓடினாள்.

பேச வேண்டுமானால் ஓடித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. பேச்சு நீள நீளத் தூரமும் நீண்டது. பிள்ளைகளின் படிப்பைப் பேசி முடிக்கக் குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். புருஷன்மாரைப் பற்றி ஆரம்பித்தால் ஊர் எல்லைவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. செருப்பு போய் ஷூ வந்தது, முழங்கால் வலி வந்தது, வந்த வலி தானாகப் போனது. ஒரு நாள் சின்னவள்தான், 'இவ்வளவு பேசறோமே அக்கா, மாரத்தானே ஓடிடலாம் போலிருக்கே' என்று விளையாட்டாகச் சொன்னாள். அது வினையாகவே முடிந்து, இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

ஓடுவது இரண்டு வீட்டிலும் தெரியும். யாரோடு ஓடுகிறார்கள் என்பதுதான் தெரியாது. ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்திருப்பதாக ஆளுக்கொரு பொய் சொல்லிவைத்திருந்தார்கள்.

பெரியவளுக்கு அந்த விடிகாலை நேரத்தை விட்டால் தனக்கென்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. விஷயம் தெரிந்தால் அன்றோடு அதற்குப் பூட்டு. அவள் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

இதோ, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது.

முதல் நாளே போட்டி நடத்துபவர்களிடம் போய் இரண்டு பேருடைய பனியனையும் எண் அட்டையையும் வாங்கி வந்தவள் பெரியவள். அட்டையை ஊக்கால் பனியனில் குத்தி வைத்ததும் அவளேதான். துணியில் எண் குத்துவது அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலையா? கடைக்கு வரும் ஒவ்வொரு சட்டைக்கும் அதைத்தானே செய்கிறாள். பழக்க தோஷத்தில், கடையில் மடிப்பது போலவே எண் உள்பக்கம் போகும்படி மடித்து, காகிதப் பையில் போட்டு, ஓரத்தைச் சுருட்டினாள். கடையாக இருந்தால் பையின் மேல் ஒரு துண்டுச் சீட்டு குத்துவாள். இரண்டே இரண்டு பனியன், இதற்குப் போய்ச் சீட்டு எதற்கு என்று விட்டுவிட்டாள். இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு.

அதில் ஒன்றை இருட்டோடு இருட்டாகக் குளத்துப் படியில் சின்னவளிடம் கொடுத்தாள். எண்ணை யார் நினைவில் வைத்திருந்தார்கள்? சின்னவளுக்குத் தன் போன் நம்பரே தடுமாறும். புறப்படும் இடத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம். யாரோ தள்ள, யாரோ இழுக்க, ஒலிபெருக்கி அலற, தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. கூட்டம் நகர்ந்தபோது இவர்களும் நகர்ந்தார்கள். ஓட்டம் ஆரம்பித்துவிட்டது என்று பெரியவளுக்குத் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

திட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். பாலம்வரை சேர்ந்து ஓடுவது. அதற்கப்புறம் சின்னவள் முன்னால், பெரியவள் பின்னால், முன்பின் தெரியாதவர்கள் போல் போவது. காரணம், முடியும் இடத்தில் இரண்டு புருஷன்மாரும் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். எண்ணைத் தட்டினால் ஆள் எங்கே வருகிறாள் என்று போனிலேயே காட்டுமாம். அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப்பு செய்கிற வேலை அது. எந்தக் காலத்திலும் பெண்டாட்டி எங்கே போனாள் என்று தேடாத மனிதர்களுக்கு அன்றைக்கு என்னவோ அவ்வளவு அக்கறை.

பாதித் தூரம்வரை ஒரு குறையும் இல்லை. வழக்கம்போலப் பேச்சுதான். பாலம் தெரிய ஆரம்பித்தபோது சின்னவளின் பேச்சு நின்றது. பெரியவள் ஏதோ கேட்டாள், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். பெரியவளும் வேகத்தைக் குறைத்தாள். பிறகு நடந்தாள். பிறகு நின்றேவிட்டாள்.

சின்னவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க? போங்க."

"உன்னை விட்டுட்டா?"

"நான் மெதுவா நடந்து வரேன். அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஓடறதுக்காக என்னோட வரீங்களா, பேசறதுக்காக ஓடறீங்களா?"

என்ன கேள்வி இது? பேசத்தான் பெரியவள் ஓடினாள், அதிலென்ன சந்தேகம்? அப்படியானால் இப்போது இவளோடு உட்கார வேண்டியதுதானே. ஆனால் கால் இரண்டும் ஓட்டம் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. சின்னவள் கையை வீசி, போ போ என்று விரட்டினாள். பெரியவள் போய்விட்டாள்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் தனியாக ஓடினாள். கேட்க ஆள் இல்லை, 'ம்' கொட்ட ஆள் இல்லை. முதலில் பயமாக இருந்தது. சின்னவளை அப்படி விட்டுவிட்டு வந்தது சரியா என்று ஒரு மனசு குத்தியது. நடந்து வருகிறேன் என்றாளே, குழந்தையா அவள் என்று இன்னொரு மனசு சமாதானம் சொன்னது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தபடியே முன்னால் ஓடினாள். ஒரு திருப்பத்தில் யாரோ ஒரு பெண் வாழைப்பழம் நீட்டினாள். அதை வாங்கி, தின்னவும் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் போனாள்.

நடுவில் ஒரு இடத்தில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் யார், எங்கே போகிறேன், எதற்கு இந்தப் பாடு என்று ஒன்றும் விளங்கவில்லை. கடையில் யாருடைய பட்டுச் சேலையோ ஊறிக்கொண்டிருப்பதாகவும், அதை எடுக்காமல் வந்துவிட்டதாகவும் தோன்றியது. அப்படி எதுவும் ஊறவில்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சேலையை எடுக்கத்தான் மறுபடியும் ஓட ஆரம்பித்தாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம், எப்போது என்று தெரியவில்லை, சேலையும் மறந்துபோனது, சின்னவளும் மறந்துபோனாள். மூச்சு மட்டும் இருந்தது. ஒரு சுகம் வந்தது. வலியோடு கூடிய சுகம், ஆனால் சுகம்தான். இப்படி ஒன்று தனக்குள் இருப்பது அவளுக்கு இத்தனை வயசாகியும் தெரியாது.

முடியும் இடத்தின் வளைவு தெரிந்தது. கூட்டம் கைதட்டியது. கோட்டைத் தாண்டினாள். ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொன்னார்கள்.

சின்னவளின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள்.

பெரியவளுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. அடிப்பாவி, முதுகுக்குப் பின்னாலேயே வந்து பிடித்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு தாடிக்காரர் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் யாருமில்லை. யாரோ ஒரு பெண் அவள் கழுத்தில் பதக்கத்தை மாட்டி, மறுபடியும் சின்னவளின் பெயரைச் சொல்லிக் கையைக் குலுக்கினாள். நான் அவள் இல்லை என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அந்தப் பெண் தாடிக்காரரிடம் போய்விட்டாள்.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் போன். போனைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார், மறுபடி போனைப் பார்க்கிறார். ஒரு வருஷமாகத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிற கொழுந்தன். இன்றைக்கு வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"அண்ணி, அவ நம்பர் உங்க மேல எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் பெரியவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஐயோ. இத்தனை வருஷத்தில் ஒரு ஜாக்கெட் மாறியதில்லை அவள் கையில், ஒரு கைக்குட்டை மாறியதில்லை. மாறக் கூடாத நாளில் மாறித் தொலைத்திருக்கிறது.

என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தாள். நடத்துபவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அது நல்ல பொய்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பிக்காரரின் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது.

அவர் அதை எடுக்கவில்லை. எடுக்காமல் இவளிடம் காட்டினார், என்ன செய்யட்டும் என்று கேட்பது போல. தடுப்பு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அந்தப் போனில் வந்ததில்லை. எடுங்கள் என்று பெரியவள் தலையை ஆட்டினாள். அண்ணன்காரரின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கிற அளவுக்குப் பதறிக்கொண்டிருந்தது.

"டேய், உங்க அண்ணி விழுந்துட்டாளாம்டா. பாலத்துக்கு அந்தப் பக்கம் கூடாரத்துல படுக்க வச்சிருக்காங்களாம். அட்டை நம்பரை வச்சுக் கண்டுபிடிச்சு இப்பத்தான் போன் பண்ணாங்க, அங்கதான் போயிட்டிருக்கேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ வாடா."

தம்பிக்காரர் எதிரே நிற்கும் அண்ணியைப் பார்த்தார்.

"அண்ணா, அண்ணி இங்கதான் இருக்காங்க. என் எதிர்ல நிக்கறாங்க."

அப்படியானால் அங்கே கிடப்பது யார் என்று அண்ணன்காரர் கேட்டார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் தம்பிக்காரருக்குப் புரிந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே ஓட ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்த பெரியவளும் பின்னாலேயே ஓடினாள்.

தம்பிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே காரை ஓட்டினார். சின்னவளை விட்டுவிட்டு வந்தோமே என்பதைத் தவிரப் பெரியவள் தலையில் வேறெதுவும் ஓடவில்லை. 'அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, ஓட்டம் போனாலும் போகட்டும்' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

கூடாரத்தில் சின்னவள் மடக்குக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த அண்ணன்காரர், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டி என்று தெரிந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. அவள் காலிலிருந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"நடந்துதான் வந்திருக்கா, வெயில்ல சுருண்டுட்டா. உடம்புல தண்ணி குறைஞ்சிடுச்சாம். இப்பத் தெளிஞ்சிடுச்சு, பயப்பட ஒண்ணுமில்லையாம்டா," என்றார் தம்பியிடம்.

"சரிண்ணா."

அவ்வளவுதான். பஞ்சாயத்து வைத்தும் முடியாதது, உறவுக்காரர்கள் படை திரண்டு வந்தும் முடியாதது, இந்த ஒரு 'சரிண்ணா'வில் முடிந்துவிட்டது. பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னவளின் தலைமாட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவினாள். சின்னவள், முடிச்சீங்களா அக்கா என்று கேட்டாள். முடித்தேன், ஆனால் கணக்குப்படி நீதான் முடித்திருக்கிறாய், நான்தான் விழுந்திருக்கிறேன் என்று பெரியவள் சொன்னதும் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் வம்பாகிப்போனது. ஒரு வருஷமாக முகம் பார்க்காதவர்கள் அப்படிச் சிரித்துக்கொள்ள மாட்டார்கள் இல்லையா. அண்ணன்காரர் விசிறுவதை நிறுத்தினார்.

"நம்பர் எப்படி மாறுச்சு?"

பெரியவளிடம் அந்த நல்ல பொய் இன்னும் கைவசம் இருந்தது. எடுத்து விட்டிருக்கலாம். ஆனால் இவர் கொஞ்ச நேரம் முன்னால் அவள் செத்துவிட்டதாகவே நினைத்துப் பதறிய மனிதர். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. பனியனில் ஊக்குக் குத்தியது தொடங்கி, பால் வாங்கப் போன அந்த முதல் நாள்வரை எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் சொல்லி முடித்தாள்.

கேட்டதும் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக எதிலுமே ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் எவ்வளவு அழகாக ஒத்துப்போனார்கள் தெரியுமா. இவளுகள் ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து நம்மை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று தம்பிக்காரர் ஆரம்பித்தார். அதானே என்றார் அண்ணன்காரர். ஊர் பூராவும் பார்த்திருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்றார் அண்ணன்காரர். அதானே என்றார் தம்பிக்காரர். கொஞ்ச நேரத்தில் யார் அண்ணன் யார் தம்பி என்று சொல்ல முடியாதபடி ஒரே குரலாகிவிட்டது.

கோபம் தீர்ந்ததும் பெருந்தன்மை வந்தது. தடுப்பை நாளைக்கே பிரித்துவிடலாம் என்றார் தம்பிக்காரர். மேஜையை மறுபடி ஒட்ட ஆசாரிக்குச் சொல்லலாம், தம்பி வாங்கிய புது இயந்திரத்திலேயே இரண்டு பேர் வேலையும் நடக்கட்டும் என்று அண்ணன்காரரே சொல்லிவிட்டார். பெரியவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது நடக்காதா என்று அவள் ஏங்காத நாள் கிடையாது. நடந்தேவிட்டது. ஆனால் சந்தோஷம் மட்டும் வரக் காணோம், அது ஏன் என்றுதான் புரியவில்லை.

அண்ணன்காரர் அவள் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, கனிவாகவே சொன்னார்.

"பேசறதுக்குத்தானே ஓடினே? இனிமே கடையிலேயே உக்காந்து எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கோங்க. விடிகாலையில இந்த ஓட்டமெல்லாம் இனி வேண்டாம். இன்னிக்கு எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? ஓட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

நியாயமான பேச்சு. கனிவான பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரிப் பேச்சுக்கு அவள் சரி என்றே சொல்லிப் பழகியவள். காரில் வரும்போது ஓட்டம் போனாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டவளும் அவள்தான். சின்னவளுக்குத் தெளிந்துவிட்டது. இனி, வேண்டிக்கொண்டபடி விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே? மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். சரி என்று சொல்லத்தான் அவளும் வாயைத் திறந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்தப்பதான் நாங்க நல்லா இருந்தோம்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. சலைன் பாட்டிலைப் பார்க்க வந்த நர்ஸ், பார்க்காமலேயே திரும்பிப் போனாள். தம்பிக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன்காரர் கையிலிருந்த அட்டையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, அடிபட்ட வலியா என்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

"வாடா, வெளியில போய்ப் பேசிக்கலாம்," என்று தம்பியின் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

சின்னவள் சலைன் ஏறாத கையால் அக்காவின் பனியனைப் பிடித்து இழுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"நிஜமாத்தான் சொன்னீங்களா அக்கா?"

"தெரியலடி," என்றாள் பெரியவள். "ஆனா சொன்னதைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்."